விண்மீன் ஒளியை அளந்த கண்கள்

சூரியனுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீனைக் கோள் சுற்றுகிறது என்ற கூற்று மிகத் தொடக்கத்திலேயே எழுந்த இடங்களுள் சென்னையும் ஒன்று. 1855இல் சென்னை வானாய்வகத்தின் இயக்குநர் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஓபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதையில் தாம் கண்ட பிறழ்வுக்குப் புலப்படாத கோள் ஒன்று காரணமாகலாம் என எழுதினார். பிற்கால அளவீடுகள் அதனை உறுதிசெய்யவில்லை. விண்மீனின் இருப்பிடத்தை அளந்து கோளைத் தேடிய வழி அன்று பயன் தரவில்லை. புறக்கோள்களுள் பெரும்பான்மையானவை பிற்காலத்தில் அகப்பட்டது விண்மீனின் ஒளியை அளந்ததால்தான்.

ஒளி அளவீட்டின் வரலாறும் அதே சென்னையைத் தொட்டுச் செல்கிறது. ஐந்து ஒளித்தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்ற அளவுமுறையை 1856இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861இல் இவ்வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். எனினும் இவர்கள் ஊதியம் பெற்ற அலுவலர்கள். ஆர்வலர் மரபைக் காண வங்காளத்திற்குச் செல்ல வேண்டும்.

ராதாகோவிந்த சந்திரர் (1878–1975) ஜெசோர் கருவூலத்தில் சிறு பணியாளர். வானியலில் முறையான கல்வி பெறாதவர். சொந்தமாக வாங்கிய மூன்று அங்குலத் தொலைநோக்கியுடன் தொடங்கி, மாறும் விண்மீன் நோக்குநர்களுக்கான அமெரிக்கச் சங்கத்திற்கு 1954 வரை அவர் அனுப்பிய பதிவுகள் 37,000க்கும் மேற்பட்டவை. முறை எளியது: மாறும் விண்மீனை, ஒளித்தரம் அறியப்பட்ட அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டு, இதனினும் மங்கல், அதனினும் பொலிவு என்று பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மதிப்பிடுவது. எளிய இம்முறையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரவுதோறும் கைக்கொள்வது எளிதன்று. அச்சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடனாக அனுப்பியது. அவருக்குப் பின் அது வைணு பாப்புவின் கைக்கு மாறி, இறுதியில் தமிழகத்தின் காவலூரை அடைந்தது.

ஆயினும் சந்திரரின் கண்ணுக்குக் கோள் அகப்பட்டிருக்காது. வியாழன் அளவுள்ள கோள் சூரியனை ஒத்த விண்மீனின் முகத்தைக் கடக்கையில் ஒளி ஏறத்தாழ 1 விழுக்காடு, அதாவது நூறில் ஒரு பங்கு ஒளித்தரமே குறையும். பயின்ற கண்ணின் எல்லையினும் இது பத்து மடங்கு நுண்ணியது. மின்னணு உணர்கருவிகள் வந்த பின்னரே, 1999இல், எச்டி 209458 என்னும் விண்மீனில் இத்தகைய ஒளிக்குறைவு முதன்முதலில் பதிவாயிற்று. மறு ஆண்டே பின்லாந்தின் நைரோலா வானாய்வக ஆர்வலர்கள் அதனைத் தாமும் பதிவு செய்தனர்.

இத்துடன் மனிதக் கண்ணின் பணி முடிந்தது என்றே எவரும் கருதியிருப்பர். நடந்தது வேறு. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியைத் தொடர்ந்து அளந்தது. 2010 டிசம்பரில் தொடங்கிய ‘பிளானட் ஹண்டர்ஸ்’ திட்டம் அந்த ஒளி வரைவுகளைப் பொதுமக்கள் முன் வைத்தது. ஒரே கால இடைவெளியில் மீளும் பள்ளங்களைத் தேடவே கணினி நிரல்கள் அமைக்கப்பட்டிருந்தன. இரட்டை விண்மீனைச் சுற்றும் கோளின் பள்ளங்களோ முன்பின்னாக விழும்; அவ்விரு விண்மீன்களும் ஒன்றையொன்று மறைக்கும் பள்ளங்களிடையே கலந்தும் விடும். அவ்வாறு மறைந்திருந்த ஒரு கோளின் தடத்தை ராபர்ட் காக்லியானோ, கியான் ஜெக் என்னும் இரு தன்னார்வலர்கள் திரையில் கண்ணால் கண்டனர். பிஎச்1பி எனப் பெயரிடப்பட்டு 2012இல் அறிவிக்கப்பட்ட அக்கோள், இரட்டை விண்மீனை 138 நாள்களுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அந்த இரட்டையைத் தொலைவில் மேலும் இரு விண்மீன்கள் சுற்றுகின்றன.

கெப்ளருக்குப் பின் 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் தரவுகளும் பொதுவில் உள்ளன. இருண்ட வானம் இதற்குத் தேவையில்லை. தெருவிளக்கொளியில் விண்மீன்கள் மறைந்துபோகும் தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ இருந்தும் அவற்றைப் படிக்கலாம். சந்திரரின் மதிப்பீடுகள் பிறர் வரைந்த வளைவுகளில் புள்ளிகளாய்க் கலந்தன. பிஎச்1பி குறித்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலோ காக்லியானோவும் ஜெக்கும் தொழில்முறை வானியலாளர்களுக்கு இடையே இடம்பெற்றுள்ளனர்.