விருந்தில் பிற சமயத்தார்: யூதரின் உணவுத் துதியும் சட்டமும்

சாப்பிட்டு முடித்ததும் யூதர்கள் ஓதும் நன்றித்துதி ‘பிர்கத் ஹமாசோன்’. உண்டு நிறைந்தபின் கடவுளைப் போற்றச் சொல்லும் உபாகமம் 8:10 இதற்கு அடிப்படை. தனியாகச் சாப்பிட்டவர் தனியாகவே ஓதலாம். மூன்று பேர் சேர்ந்து உண்டால், ஒருவர் மற்றவர்களை ஓத அழைக்க வேண்டும். ‘ஸிம்முன்’ எனப்படும் இந்த அழைப்பில், பத்துப் பேர் கூடினால் கடவுளின் பெயரும் சேரும். வேற்றுச் சமய விருந்தினரைப் பற்றிய சட்டப்பேச்சு இந்தத் தலைக்கணக்கில்தான் தொடங்குகிறது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஒலிவக்காய் அளவு உண்ட பணியாளரையும், யூதருக்கு நெருங்கிய தனிச் சமயத்தாரான சமாரியரையும் கணக்கில் சேர்க்கிறது, யூதரல்லாத அந்நியரை விலக்குகிறது. சமாரியருக்குக் கிடைத்த இடமும் நிலைக்கவில்லை. கெரிசீம் மலை உச்சியில் அவர்கள் புறா உருவம் ஒன்றை வணங்கியதாக, மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்மூது ஒரு செய்தி சொல்கிறது. பின்னாளில் அவர்களும் அந்நியராகவே கருதப்பட்டார்கள்.

அதே தால்மூதில் ஆபிரகாம் வேறு மாதிரி நடந்துகொள்கிறார். வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டு, அவர்கள் தமக்கு நன்றி சொல்ல எழும்போது, உலகத்தைப் படைத்தவரைப் போற்றுங்கள் என்கிறார். துதிக்கு அந்நியர் வாய் ஆகாது என்று மரபு நினைக்கவில்லை. கணக்கு வேறு, துதி வேறு.

1565இல் வெனிஸில் அச்சான யோசேப் காரோவின் ‘ஷுல்கான் ஆரூக்’ என்னும் சட்டத் தொகுப்பு பழைய விலக்கையே உறுதிசெய்தது. அதற்குக் குறிப்பெழுதிய கிராக்கோவ் ரபி மோசே இசர்லெஸ் இன்னும் சுவாரசியமானவர். அவர் பேசுவது தலைகீழான நிலைமை: யூதர்கள் அந்நியர் வீட்டில் விருந்துண்கிறார்கள். அங்கே ஸிம்முன் சொல்லாமல் அவரவர் தனித்தனியே ஓதுவது வழக்கம். வீட்டுக்காரர் மீதுள்ள அச்சத்தில் நிம்மதியாகக் கூடி உட்கார முடியாது என்பது ஒரு காரணம். வீட்டுக்காரரை வாழ்த்தும் வரியை மாற்றிச் சொன்னால் ஆபத்து வரலாம் என்பது இன்னொன்று. இந்தக் காரணங்கள் போதாவிட்டாலும் வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்கிறார். சட்ட நூலில் அரிதான நேர்மை. அந்நியர் சொல்லும் வாழ்த்தை முழுதாகக் கேட்டால் ‘ஆமென்’ சொல்லலாம் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

துதியின் பிற்பகுதியில், கூடியிருக்கும் எல்லோரையும் ஆசீர்வதிக்கக் கேட்கும் ஒரு வரி உண்டு. வேற்றுச் சமயத்தார் இருந்தால் அதில் யூதரைக் குறிக்கும் ‘உடன்படிக்கையின் மக்கள்’ என்ற சொற்களைச் சேர்க்கும்படி, சலோமோன் கன்ஸ்பிரீட் 1864இல் வெளியிட்ட சட்டச் சுருக்கம் சொல்கிறது. இன்றும் சில துதிப் புத்தகங்களில் இச்சொற்களைக் காணலாம். அதேசமயம், சீர்திருத்தப் போக்குள்ள சில குழுக்களின் புத்தகங்களில் சாராளின் பிள்ளைகளான யூதருக்கும் ஆகாரின் பிள்ளைகளான அரபியருக்கும் இடையே சகோதரத்துவம் வேண்டும் புதிய வரி சேர்ந்திருக்கிறது.