குளம்படியில் எழுந்த புழுதி

கண்டமங்கலம் பக்கம் டூரிங் கொட்டகையில் நான் ஆபரேட்டராக இருந்த காலத்தில் படப்பெட்டி பஸ் கூரையில்தான் வந்து இறங்கும். வந்தது ஜெய்சங்கரின் குதிரைப் படம் ‘கங்கா’ என்று தெரிந்தால் போதும், வளவனூரிலிருந்தும் சின்னபாபுசமுத்திரத்திலிருந்தும் சைக்கிளில் ஆள் வரும். தரை டிக்கெட்டில் மணல் குவித்து உட்கார இடம் கிடைக்காது.

ஜெய்சங்கரின் தொப்பியையும் துப்பாக்கியையும் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் உண்டு. நான் எம்.கர்ணனைப் பற்றித்தான் சொல்லவேண்டும். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963) மாதிரி கண்ணீர்ப் படங்களுக்குக் கேமரா பிடித்தவர் அவர். 1970இல் ‘காலம் வெல்லும்’ எடுத்தார். 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’. டைரக்டரான பிறகும் கேமராவை அவர் விடவில்லை.

ஒருநாள் ‘கங்கா’ ஓடும்போது குதிரைத் துரத்தலில் ஃபிலிம் அறுந்தது. எங்களிடம் ஒரே புரொஜெக்டர்; கீழே விசில் கிளம்பிவிட்டது. பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டினேன். வெட்டி எறிந்த இரண்டு கட்டத்தைப் பிறகு பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேமரா தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. குதிரையின் வயிறு மேலே, நான்கு கால்களுக்கு நடுவே தூரத்தில் இன்னொரு குதிரைக்காரன். திரையில் நொடிக்கு 24 கட்டம் ஓடுவதில் இரண்டு கட்டம் கண்ணுக்கு அகப்படாது. அதற்கும் அந்த மனிதர் மண்ணில் படுத்திருக்கிறார்!

குதிரைப் படம் கர்ணனோடு தொடங்கியதல்ல. ஸ்பெயின்காரர் ஹோவாகின் ரொமேரோ மார்ச்சென்ட் 1950களிலேயே அப்படி எடுத்தவர். 1964இல் டைரக்டர் செர்ஜியோ லியோனே அதே வகைப் படத்தோடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர்களுக்கு ஸ்பெயினின் அல்மேரியா பொட்டல்தான் அமெரிக்கா. 1971இல் தெலுங்கில் ‘மோசகாள்ளகு மோசகாடு’ எடுத்த கே.எஸ்.ஆர்.தாஸ் ராஜஸ்தான் மணலுக்குப் போனார். கர்ணனின் ‘காலம் வெல்லு’மில் பகை நம் ஊர்ப் பகை: பண்ணையாரின் கொடுமை தாங்காமல் கொள்ளைக்காரனாகும் குடியானவன். மணிலாக்கொட்டை பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்த சனத்துக்கு அந்தப் பண்ணையார் யாரென்று எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அவர் அடிபடும் இடத்தில் விசிலை விடப் பெண்கள் பக்கத்துச் சத்தம்தான் அதிகம். கவ்பாய் படம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கேட்டிருக்கவேண்டும்.

கர்ணன் 2012இல் காலமானார். அந்த இரண்டு கட்டமும் என் தீப்பெட்டியில் வெகுகாலம் இருந்தன. ஓரம் சுருண்டு, படம் மங்கி, கடைசியில் குளம்பு மட்டும் தெரிந்தது.