முடிசூடா மன்னன் அகிபா ரூபின்ஸ்டைன்

செஸ் உலகச் சாம்பியன்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முதலில் ஸ்டைனிட்ஸ், அடுத்து லாஸ்கர், பிறகு காபபிளாங்கா, அலெகின் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். செஸ் பற்றி அதிகம் தெரியாதவர்கள்கூட இதில் ஒன்றிரண்டு பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இவர்களில் லாஸ்கரையும் காபபிளாங்காவையும் அலெகினையும் ஜெயித்த ஒருவர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் பெயர் அகிபா ரூபின்ஸ்டைன்.

உலகச் சாம்பியன் போட்டியில் தோற்றதால் அவர் பெயர் விடுபட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் போட்டியில் உட்காரும் வாய்ப்பே அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை! ஏன் கிடைக்கவில்லை என்பதில் ஒரு மனிதனின் கதையும் இருக்கிறது, அந்தக் கால செஸ் உலகத்தின் பணக் கணக்கும் இருக்கிறது.

வேதப் பள்ளியிலிருந்து செஸ் மேசைக்கு

ரூபின்ஸ்டைன் 1880-ல் ஸ்தாவிஸ்கி என்ற சிறு ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அன்று அது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. வீட்டில் அவரை யூத மதகுருவாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்கான படிப்பில் சேர்த்தார்கள்.

இன்று ஐந்தாறு வயதிலேயே பிள்ளைகளை செஸ் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். ரூபின்ஸ்டைன் செஸ்ஸைக் கற்றுக்கொண்டதே பதின்ம வயதில்தான். கற்றுக்கொண்ட பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மதப் படிப்பை விட்டுவிட்டு லோட்ஸ் நகரத்துக்குப் போனார். துணி ஆலைகள் நிறைந்த தொழில் நகரம் அது. அங்கே நல்ல செஸ் வட்டம் ஒன்று இருந்தது. அந்த ஊரின் பெரிய ஆட்டக்காரர் சால்வே. 1903-ல் அவரோடு ஆடிய மேட்ச் சமனில் முடிந்தது. அதே ஆண்டு கீவ் நகரில் நடந்த ரஷ்யப் போட்டியில் ரூபின்ஸ்டைன் ஐந்தாவதாக வந்தார். அப்போது அவருக்கு இருபதைத் தாண்டிவிட்டது. இந்தக் காலத்துக் கணக்கில் பார்த்தால் மிகவும் தாமதமான தொடக்கம்!

ஏறுமுகம்

அதன் பிறகு அவர் ஏறிய வேகம் ஆச்சரியமானது. 1907-ல் ஆஸ்டெண்ட் மாஸ்டர்கள் போட்டியில் பெர்ன்ஸ்டைனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு கார்ல்ஸ்பாட் போட்டியில் தனியாக முதலிடம். ஆண்டு முடிவில் லோட்ஸில் ரோட்லெவி என்பவரோடு ஆடிய ஆட்டம் இன்றுவரை செஸ் புத்தகங்களில் வருகிறது.

அந்த ஆட்டத்தில் ரூபின்ஸ்டைனுக்குக் கறுப்புக் காய்கள். 22-வது நகர்வில் தன் ராணியை எதிராளி வெட்டட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு ஒரு யானையை முன்னால் நகர்த்துகிறார். ரோட்லெவி ராணியை வெட்டுகிறார். உடனே இரண்டாவது யானையையும் வெட்டுக் கொடுக்கிறார் ரூபின்ஸ்டைன்! ராணியும் போய், யானையும் போன பிறகு பார்த்தால், மிச்சமிருக்கும் காய்கள் எல்லாம் வெள்ளை ராஜாவை நோக்கியே நிற்கின்றன. 25-வது நகர்வில் ரோட்லெவி தோல்வியை ஒப்புக்கொண்டார். செஸ் ரசிகர்கள் இதை 'ரூபின்ஸ்டைனின் அழியாத ஆட்டம்' என்று அழைக்கிறார்கள்.

அடுத்து 1909, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 19 பேர் ஆடிய பெரிய போட்டி. உலகச் சாம்பியன் லாஸ்கரே நேரில் வந்து ஆடினார். 18 ஆட்டங்கள் முடிந்தபோது லாஸ்கருக்கு 14.5 புள்ளிகள், ரூபின்ஸ்டைனுக்கும் 14.5 புள்ளிகள். மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட டுராஸ், ஸ்பீல்மன் இருவருக்கும் 11 புள்ளிகள்தான். அதாவது இவர்கள் இருவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே 3.5 புள்ளி இடைவெளி! போதாததற்கு இருவரும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தில் ரூபின்ஸ்டைன் லாஸ்கரைத் தோற்கடித்தார்.

1911-ல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் நடந்த போட்டியில் கியூபாவைச் சேர்ந்த இளைஞர் காபபிளாங்கா முதல் பரிசு பெற்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்தப் போட்டியில் காபபிளாங்கா தோற்றது ஒரே ஒரு ஆட்டத்தில்தான். ஜெயித்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? ரூபின்ஸ்டைனேதான். அரைப் புள்ளியில் முதலிடத்தை இழந்து விட்மாரோடு இரண்டாம் இடத்தில் இருந்தார்.

1912-ல் ஒரே ஆண்டில் சான் செபாஸ்டியன், பிஸ்டியான், பிரெஸ்லவ், வார்சா, வில்னா என்று ஐந்து போட்டிகளில் முதலிடம். இதில் பிரெஸ்லவில் மட்டும் டுராஸோடு பகிர்ந்துகொண்டார். உலகத்தில் இன்று மிக வலிமையான ஆட்டக்காரர் யார் என்று 1912-ல் கேட்டிருந்தால், பலர் சாம்பியன் லாஸ்கரின் பெயரைச் சொல்லத் தயங்கியிருப்பார்கள்.

பட்டம் யாருடைய சொத்து?

இவ்வளவு ஜெயித்தவருக்குப் பட்டப் போட்டி ஏன் கிடைக்கவில்லை? இன்று உலகச் சாம்பியனோடு ஆட வேண்டுமென்றால் அதற்குத் தகுதிப் போட்டிகள் இருக்கின்றன. ஜெயித்தால் வாய்ப்பு தானாக வரும். அன்று அப்படி எதுவும் கிடையாது. உலக செஸ் கூட்டமைப்பு தொடங்கப்பட்டதே 1924-ல்தான். அதற்கு முன்னால் உலகப் பட்டம் என்பது சாம்பியனின் சொந்தச் சொத்து மாதிரி. யாரோடு ஆடுவது, எப்போது ஆடுவது, எவ்வளவு பணத்துக்கு ஆடுவது, எல்லாம் சாம்பியன் பேசி முடிவு செய்வதுதான். சவால் விடுபவர் பரிசுப் பணத்தைத் திரட்டிக்கொண்டு வர வேண்டும்.

லாஸ்கரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு முன் சாம்பியனாக இருந்த ஸ்டைனிட்ஸ் 1900-ல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். செஸ் ஆட்டக்காரர்களும் தங்கள் உழைப்புக்குத் தகுந்த கூலி கேட்க வேண்டும் என்பது லாஸ்கரின் கொள்கை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் விளைவு என்ன ஆனது என்று பாருங்கள்.

1910-ல் லாஸ்கரோடு பட்டத்துக்காக ஆடியவர்களில் ஒருவர் யானோவ்ஸ்கி. அவர் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ரூபின்ஸ்டைனின் சாதனைகளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அவருக்கு இருந்த பலம் நார்டஸ் என்ற பணக்கார ஓவியர். செலவை அவர் ஏற்றுக்கொண்டார். மேட்ச் நடந்தது. லாஸ்கர் 8 ஆட்டங்களில் வெற்றி, 3 டிரா. யானோவ்ஸ்கிக்கு ஒரு வெற்றிகூட இல்லை!

ரூபின்ஸ்டைனுக்கு நார்டஸ் போல ஒருவர் இல்லை. சுபாவத்திலேயே கூச்சம் மிகுந்தவர். செல்வந்தர்களைச் சந்தித்து, பேசி, பணம் திரட்டும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை.

கைக்கு எட்டியது...

1912 வெற்றிகளுக்குப் பிறகு நிலைமை மாறியது. லாஸ்கருக்கும் ரூபின்ஸ்டைனுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடந்து, 1914 இலையுதிர் காலத்தில் மேட்ச் நடத்தலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்னால், 1914 வசந்தத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மீண்டும் ஒரு பெரிய போட்டி. முதல் சுற்றில் முன்னணியில் வரும் ஐந்து பேர் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். லாஸ்கர், காபபிளாங்கா, அலெகின், டாராஷ், மார்ஷல் ஐவரும் போனார்கள். ரூபின்ஸ்டைன் போகவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அதே நகரத்தில் யானை முடிவாட்டத்தில் லாஸ்கரை ஜெயித்தவர், இந்த முறை யானை முடிவாட்டத்திலேயே லாஸ்கரிடம் தோற்றார்.

அந்த ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவே எரிந்துகொண்டிருந்தபோது செஸ் மேட்சுக்கு யார் பணம் போடுவார்கள்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

போர் முடிந்தபோது ரூபின்ஸ்டைனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் பழைய நிதானம் குறைந்திருந்தது. ஆனாலும் 1922-ல் வியன்னாவில் அலெகினும் ஆடிய போட்டியில் முதலிடம் பெற்றார். அலெகினை நேருக்கு நேரும் ஜெயித்தார்.

10,000 டாலர் சுவர்

1921-ல் லாஸ்கரிடமிருந்து காபபிளாங்கா பட்டத்தைப் பறித்திருந்தார். 1922-ல் லண்டனில் முன்னணி மாஸ்டர்கள் கூடி, பட்டப் போட்டிக்கான விதிகளை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். ரூபின்ஸ்டைனும் அதில் கையெழுத்திட்டவர்தான். விதிப்படி பரிசுத்தொகை குறைந்தது 10,000 டாலர். அதில் 20 சதவீதம் முதலில் சாம்பியனுக்குப் போய்விடும். மீதியில் 60 சதவீதம் ஜெயித்தவருக்கு, 40 சதவீதம் தோற்றவருக்கு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 டாலரில் 2,000 சாம்பியனுக்கு. மீதி 8,000. ஜெயித்தவருக்கு 4,800, தோற்றவருக்கு 3,200. சவால் விட்டவர் ஜெயித்தால் அவர் கையில் கிடைப்பது 4,800 டாலர். தோற்ற சாம்பியனுக்குக் கிடைப்பது 2,000 + 3,200 = 5,200 டாலர்! அதாவது பட்டத்தை இழந்தவர், பட்டத்தை வென்றவரைவிட 400 டாலர் அதிகமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இதில் பணத்தைத் திரட்ட அலைந்தது மட்டும் சவால் விட்டவர்.

ரூபின்ஸ்டைனால் அந்தத் தொகையைத் திரட்ட முடியவில்லை. பின்னால் சவால் விட்ட நிம்சோவிச்சாலும் முடியவில்லை. அர்ஜென்டினாவின் ஆதரவைப் பெற்ற அலெகினால் முடிந்தது. 1927-ல் புவெனோஸ் ஐரஸில் மேட்ச் நடந்தது, அலெகின் சாம்பியன் ஆனார். திறமை எல்லோரிடமும் இருந்தது. பணத்தைத் திரட்ட முடிந்தவர் ஒருவர்தான்.

கடைசி ஒளி

ரூபின்ஸ்டைன் 1926-ல் குடும்பத்தோடு பெல்ஜியத்தில் குடியேறினார். மன நோய் மெல்ல மெல்ல அவரை ஆட்கொண்டிருந்தது. மனிதர்களைக் கண்டாலே அச்சம். போட்டிகளில்கூட நகர்த்திவிட்டு எழுந்து ஒதுங்கிப் போய்விடுவார்.

அந்த நிலையிலும் 1930-ல் ஹாம்பர்க் ஒலிம்பியாடில் போலந்து அணிக்காக முதல் பலகையில் ஆடினார். 17 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 டிரா, ஒரு தோல்விகூட இல்லை! போலந்துக்குத் தங்கம் கிடைத்தது. கிட்டத்தட்ட 50 வயதில், நோயோடு போராடிக்கொண்டு ஒருவர் இப்படி ஆடியிருக்கிறார். அடுத்த ஆண்டு பிராகில் நடந்த ஒலிம்பியாடில் போலந்துக்கு வெள்ளி. 1932-க்குப் பிறகு அவர் பெரிய போட்டிகளில் ஆடவில்லை.

1940-ல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. யூதரான அவர் எப்படியோ அந்த வருஷங்களைக் கடந்து உயிர் பிழைத்தார். மூத்த தலைமுறை மறந்து, இளைய தலைமுறைக்குத் தெரியாமல் வாழ்ந்து, 1961 மார்ச்சில் ஆண்ட்வெர்ப்பில் காலமானார்.

விட்டுச் சென்றது

செஸ் ஆடுபவர்கள் தெரிந்தோ தெரியாமலோ தினமும் ரூபின்ஸ்டைனிடம் கடன்பட்டிருக்கிறார்கள். நிம்சோ-இந்தியன், பிரெஞ்சு டிஃபென்ஸ், ஃபோர் நைட்ஸ் ஆகிய தொடக்கங்களில் அவர் பெயரால் வழங்கும் வழிகள் இன்றும் ஆடப்படுகின்றன. அவர் தொடக்கத்தை வெறும் முதல் பத்து நகர்வாகப் பார்க்கவில்லை. இந்தத் தொடக்கம் எந்த நடு ஆட்டத்துக்குக் கொண்டுபோகும், அது எந்த முடிவாட்டத்தில் போய் நிற்கும் என்று ஆரம்பத்திலேயே யோசித்தார்.

யானை முடிவாட்டம் அவருடைய தனிக் கோட்டை. பலகையில் ஒரு பக்கத்துக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் ராஜாவும் மட்டும் மிஞ்சும்போது, சாதாரண ஆட்டக்காரர் டிராவுக்குக் கை நீட்டுவார். ரூபின்ஸ்டைன் அங்கேதான் வேலையைத் தொடங்குவார். யானையை எங்கே நிறுத்தினால் எதிராளியின் யானை காவலுக்கே கட்டுப்பட்டுக் கிடக்கும் என்று பார்ப்பார். அவசரப்படாமல் ராஜாவை முன்னால் கொண்டுவருவார். எதிராளிக்கு நகர்த்த நல்ல நகர்வே இல்லாத நிலை வரும்வரை காத்திருப்பார். 1909-ல் லாஸ்கரை ஜெயித்ததும் இப்படித்தான்.

அவர் பெயரில் போலந்தின் பொலனிட்சா-ஸ்த்ரூய் ஊரில் 1963 முதல் நினைவுப் போட்டி நடந்து வருகிறது. 2012-ல் மாஸ்கோவில் நம் விஸ்வநாதன் ஆனந்தோடு உலகப் பட்டத்துக்காக மோதிய போரிஸ் கெல்ஃபான்ட், சிறு வயதிலிருந்தே ரூபின்ஸ்டைனின் ஆட்டங்களைப் படித்து வளர்ந்தவர். 12 ஆட்டங்கள் 6-6 என்று சமனாகி, டை-பிரேக்கில்தான் ஆனந்தால் அவரை ஜெயிக்க முடிந்தது.

ஜெயித்திருப்பாரா?

1914-ல் மேட்ச் நடந்திருந்தால் ரூபின்ஸ்டைன் சாம்பியன் ஆகியிருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வருஷம் அவர் ஆட்டம் சரியாக இல்லை, லாஸ்கரோ அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காபபிளாங்காவையே முந்தி முதலிடம் பெற்றார். ஆனால் 1909-லோ 1912-லோ நடந்திருந்தால்? அதற்கு 'ஆம்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கேள்வி அதுவல்ல. பதிலைப் பலகையில் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். அதைத் தடுத்தது எதிராளியின் திறமை அல்ல. முதலில் பணம், பிறகு போர், மறுபடியும் பணம்.

1946-ல் அலெகின் சாம்பியனாகவே இறந்தபோதுதான் இந்த முறைக்கு முடிவு வந்தது. 1948-ல் உலகக் கூட்டமைப்பே ஐந்து பேரை ஆடவைத்துச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தது. போட்வின்னிக் வென்றார். 1950-ல் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்க புடாபெஸ்டில் முதல் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. பணக்கார நண்பர் இல்லாதவரும் ஆடி ஜெயித்தே பட்டப் போட்டிக்குப் போகலாம் என்ற வழி அன்றுதான் திறந்தது.

அதே 1950-ல் உலகக் கூட்டமைப்பு முதன்முறையாக 27 பேருக்கு அதிகாரபூர்வ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அந்த 27 பேரில் பல வருஷங்களாகப் பெரிய போட்டிகளில் ஆடாத, 70 வயதை எட்டிய ரூபின்ஸ்டைனும் ஒருவர். அவருக்கு முறையாகக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.