குளிர்காலத் தொடக்கத்தில் நன்னீர் மீன்பிடி: பாலக்காடு, இடுக்கி எல்லை நீர்நிலைகளின் நிலவரம்

பாலக்காடு / இடுக்கி: ஐப்பசியில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கார்த்திகையின் பனி இறங்கத் தொடங்கும் வாரங்களில் கேரள–தமிழக எல்லையோர அணைகளும் ஆறுகளும் ஆண்டின் மற்ற மாதங்களைக் காட்டிலும் வேறுபட்ட நிலையில் இருக்கின்றன. நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் நிறைந்திருக்கும். ஆறுகளில் செம்மண் கலங்கல் தெளிந்து கொண்டிருக்கும். இரவு வெப்பநிலை குறையும். பார்வைக்கு மீன் பிடிக்க ஏற்ற காலம் போலத் தோன்றினாலும், வலையோடு வாழ்பவர்களுக்கு இது வரவு குறைந்த பருவமாகும்.

இதற்கான காரணம் எளிது. நிறைந்த அணையில் மீன் பரந்து விடுகிறது. கோடையில் நீர் வற்றிச் சுருங்கும்போது அதே எண்ணிக்கையிலான மீன் சிறிய பரப்பில் அடைபடுவதால் வலையில் எளிதில் சிக்குகிறது. ஆகவே நீர்த்தேக்க மீன்பிடியின் உச்சகாலம் பிப்ரவரி முதல் மே வரை என்பதே தென்னிந்திய அணைகளின் பொதுவான அனுபவம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆழமான நடுப்பகுதியில் வலை விரிப்பதைவிட, ஓடைகள் வந்து சேரும் முகத்துவாரங்களிலும் நீரில் மூழ்கிய புல்வெளி ஓரங்களிலும் முயல்வதே பலன் தருகிறது. புதிதாக மூழ்கிய நிலத்தில் புழு, பூச்சி, அழுகிய தாவரம் ஆகியவை மீனுக்கு இரையாகின்றன.

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் பொதுவான எல்லை இல்லை. இரண்டும் தனித்தனியே தமிழகத்தைத் தொடுகின்றன. இடையில் ஆனைமலைத் தொடர் நிற்கிறது. இரு பகுதிகளின் நீரும் காற்றும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்பதால், ஒன்றில் கற்ற பாடம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

கணவாய்க் காற்றும் மலம்புழாவும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மிகப்பெரிய இடைவெளியாகும். கேரளத்தின் விருச்சிக மாதத்தில், அதாவது தமிழ்க் கார்த்திகையில், கோயம்புத்தூர் சமவெளியிலிருந்து இந்த இடைவெளி வழியே வறண்ட கிழக்குக் காற்று வேகமாக வீசத் தொடங்குகிறது. 'விருச்சிகக் காற்று' என்றே உள்ளூரில் இதனை அழைக்கின்றனர். பரிசலில் வலை விரிப்பவருக்கு இது பெரும் தொல்லை. வட்டமான பரிசல் காற்றில் சுழலும். விரித்த செவுள் வலை ஒரே பக்கமாக ஒதுங்கிச் சுருண்டு விடும்.

ஆனால் இதே காற்று நீருக்கு நன்மையும் செய்கிறது. குளிர்ந்த இரவுகளில் மேற்பரப்பு நீர் கனம் கூடிக் கீழே இறங்குகிறது; அடியில் கிடந்த, உயிர்வளி குறைந்த நீர் மேலெழுகிறது. காற்றின்றி மேகமூட்டமாக இருக்கும் நாள்களில் இந்தப் புரட்டல் திடீரென நிகழ்ந்தால், குளங்களிலும் கூண்டு வளர்ப்பிலும் மீன்கள் மூச்சுத்திணறிச் சாக நேரிடுகிறது. தொடர்ந்து அலை எழுப்பும் கிழக்குக் காற்று நீரைக் கலக்கி உயிர்வளியைச் சேர்ப்பதால், திறந்த அணைகளில் இந்த ஆபத்து குறைகிறது. மீன் வளர்ப்போர் டிசம்பர் விடியலில் முதலில் பார்க்க வேண்டியது, மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கின்றனவா என்பதையே.

மலம்புழா அணை, பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்தில் கட்டப்பட்டது. 1949-ல் பணி தொடங்கி, 1955 அக்டோபரில் அப்போதைய முதலமைச்சர் காமராசரால் திறந்து வைக்கப்பட்டது. பாசனத்துக்காக அமைந்த இந்த அணையின் கொள்ளளவு 226 மில்லியன் கன மீட்டர். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை இனங்களின் குஞ்சுகள் இங்கு இருப்பு விடப்படுகின்றன. நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை, உள்ளூர்ப் பட்டியல் சாதி, பழங்குடி மீனவர்களின் கூட்டுறவு அமைப்பு வழியே நடைபெறுவது இதன் சிறப்பாகும்.

இந்த மூன்று கெண்டைகளும் ஒரே நீரில் மூன்று தளங்களில் வாழ்பவை. கட்லா மேற்பரப்பில் நுண்ணுயிர்களை உண்கிறது. ரோகு நடுத்தளத்தில் திரிகிறது. மிருகால் அடித்தளத்தை மேய்கிறது. வெப்பநிலை 25 பாகைக்குக் கீழே இறங்க இறங்க இவற்றின் பசி குறைகிறது. எனவே அதிகாலைப் பனியில் தூண்டில் போட்டுக் காத்திருப்பதைவிட, வெயில் ஏறிய பின் முற்பகலிலும், பிற்பகல் நான்கு மணியை ஒட்டியும் இரை எடுக்கும் வாய்ப்பு அதிகம். கோடையில் இதற்கு நேர்மாறான வழக்கமே நிலவுகிறது. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதவை உயிர்கள் ஒதுங்குவதால், காற்றடிக்கும் கரையைத் தேடுவது கட்லாவுக்கு உகந்த உத்தி.

ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலேப்பியாவின் நிலை வேறு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், தமிழகப் பக்கம் அமராவதி உள்ளிட்ட அணைகளில் மற்ற இனங்களை விஞ்சிப் பெருகியது. குளிரை அது சிறிதும் தாங்குவதில்லை. 16 பாகை அளவில் இரை எடுப்பதையே நிறுத்தி விடும். சமவெளி அணைகளில் அந்த அளவுக்கு நீர் குளிர்வதில்லை. எனினும் உயரமான இடுக்கி அணைகளில் அதன் வளர்ச்சி மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரம்பிக்குளம்: கேரள மண், தமிழக மதகு

பாலக்காடு மாவட்டத்தில் அமைந்திருந்தாலும், பரம்பிக்குளம் அணையை இயக்குவது தமிழக நீர்வளத் துறை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வழங்கப்பட வேண்டும். சித்தூர்ப்புழையில் நவம்பர், டிசம்பரில் ஓடும் நீரின் அளவு மழையைப் பொறுத்தது மட்டுமன்று; மேலே மதகு திறக்கும் நேரத்தையும் பொறுத்தது. நேற்று முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்று இடுப்பளவு நீர் ஓடக்கூடும். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தின் மதகு ஒன்று பழுதாகி உடைந்து, நள்ளிரவில் பெருவெள்ளம் சாலக்குடி ஆற்றில் பாய்ந்த நிகழ்வு, அணைக்குக் கீழே இரவில் வலை போடுவோர் மறக்கக் கூடாத ஒன்று.

பரம்பிக்குளம் புலிகள் காப்பகமாக இருப்பதால் வெளியார் அங்கு மீன் பிடிக்க இயலாது. காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் வாழும் இந்தப் பகுதியின் நீர்த்தேக்கத்தில் முதலைகளும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் தூண்டிலுடன் செல்வது குற்றமாகும்.

இடுக்கியின் குளிர்

குறவன், குறத்தி மலைகளுக்கு இடையே எழுப்பப்பட்டு 1976-ல் இயக்கத்துக்கு வந்த இடுக்கி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 2,403 அடி. நீர்மட்டம் உயரும்போது நீலம், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டபோது நேர்ந்ததை மாநிலமே கண்டது. மழை ஓய்ந்தது போலத் தோன்றும் நவம்பரிலும், வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் மலையில் ஓரிரவில் நிலவரம் மாறும். ஆரஞ்சு எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட பிறகு பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் வலை எடுக்கப் போவது துணிச்சல் ஆகாது.

மூணாறு பக்கம் இன்னும் உயரத்தில், டிசம்பர் பிற்பகுதியில் புல்வெளிகளில் உறைபனி படிகிறது. ஆங்கிலேயர் காலத் தோட்ட அதிகாரிகள் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட் மீன் இப்பகுதியின் ஓடைகளில் நிலைபெற்றது இந்தக் குளிரால்தான். 12 முதல் 18 பாகை வரையிலான நீரில் அது செழிக்கும். 25 பாகையைத் தாங்காது. கெண்டைக்கு நேர்மாறாக, டிரவுட் குளிர்மாதங்களில்தான் முட்டையிடுகிறது. ஆகையால் இந்தப் பருவத்தில் அதனைப் பிடிப்பது அடுத்த தலைமுறையைப் பிடிப்பதற்குச் சமம். இரவிகுளம் போன்ற தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றித் தூண்டில் போட இயலாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தேக்கடியில் 1895-ல் முல்லைப்பெரியாறு அணையால் உருவான ஏரியில் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினருக்கு மட்டுமே மீன்பிடி வழக்கம் உள்ளது. மூங்கில் தெப்பத்தில் சென்று அவர்கள் விரிக்கும் வலைகளில் இன்று பெரிதும் சிக்குவது அயலகச் சாதாக் கெண்டையும் திலேப்பியாவுமே. இந்த ஏரிக்கு நீர் தரும் மேல் ஓடைகளில்தான் உலகில் வேறெங்கும் காணப்படாத சில மீன்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றான லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் 1941-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் பேரினத்தில் அது ஒன்றே இனம். சாதாக் கெண்டையும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இந்த ஓடைகளுக்குள் ஏறுவதே இவ்வினத்துக்குப் பெரும் அச்சுறுத்தல். 2018 வெள்ளத்தில் கேரளத்தின் வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து அரபைமா, முதலைவாய் மீன் போன்றவையும் இயற்கை நீர்நிலைகளுக்குத் தப்பின. வலையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் அதனைத் திரும்ப நீரில் விடாதிருப்பதே நல்லது. மற்ற மீன்களுக்குச் சொல்லும் அறிவுரைக்கு இது நேர் எதிரானது.

பாம்பாற்றின் மடுக்கள்

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றில் பவானி பாலக்காட்டின் அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கியின் மறையூர் வழியாகவும் தமிழகத்துக்குள் நுழைகின்றன. பாம்பாறு சின்னாறுடன் கூடி அமராவதியாகி உடுமலைப்பேட்டைப் பக்கம் இறங்குகிறது. மழைமறைவுப் பகுதியான சின்னாறு சரணாலயத்துக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மை ஆதாரம். மற்ற ஆறுகள் ஜூனில் பெருகுகின்றன என்றால், இந்த ஆறு ஐப்பசியில் பெருகுகிறது.

இந்தச் சிற்றாற்றில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டே 2011-ல் ஒரு மஹாசீர் இனம் 'டோர் ரேமாதேவி' எனப் பெயரிடப்பட்டது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் மீனியல் அறிஞர் கே. ரேமா தேவியின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. அது என்ன மீன் என்பதன் முழுப் பொருள் 2018-ல்தான் வெளிப்பட்டது. காவிரியின் புகழ்பெற்ற திமில் மஹாசீரும் பாம்பாற்று மீனும் ஒன்றே என ஏட்ரியன் பிண்டர் தலைமையிலான ஆய்வுக் குழு நிறுவியது. 1946-ல் கபினியில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையில் தூண்டிலில் சிக்கிய மீனின் இனம் இதுவே. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் தூண்டிற்காரர்கள் தேடி வந்த மீனுக்கு அறிவியல் பெயர் இல்லாதிருந்தது என்பது வியப்புக்குரியது. பெயர் உறுதியான அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அது பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

குளிர்காலத் தொடக்கம் இந்த மீனுக்கு நெருக்கடியான திருப்பம். நவம்பரில் ஓடும் ஆறு, மழை நின்றதும் டிசம்பர் இறுதியிலிருந்து மெலிந்து, ஜனவரிக்குப் பின் பாறைகளுக்கு இடைப்பட்ட மடுக்களாகத் துண்டுபடத் தொடங்குகிறது. பெரிய மீன்கள் மடுக்களில் ஒடுங்குகின்றன. நீர் தெளிவாக இருப்பதால் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு வெடி, ஒரு பிடி நஞ்சு, மின்கம்பியிலிருந்து இழுத்த ஓர் இணைப்பு ஆகியவற்றில் எதுவாயினும் ஒரு மடுவின் மீன் முழுவதையும் குஞ்சோடு அழித்துவிடும். கேரள உள்நாட்டு மீன்பிடிச் சட்டம் (2010) இம்மூன்றையும் தடை செய்கிறது. சரணாலயத்துக்குள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து கொள்கிறது. மின்சாரம் பாய்ச்சுவோர் தாங்களே நீரில் உயிரிழப்பதும் உண்டு.

கவனத்துக்கு

எல்லையில் சொற்களும் இடம் மாறுகின்றன. தமிழகத்தில் 'ஊத்தா' என்றால் ஆழமற்ற நீரில் கவிழ்த்து மீன் பிடிக்கும் கூம்புக் கூடை. கேரளத்தில் 'ஊத்த' என்பது ஜூன் மழையில் மீன்கள் முட்டையிட வயல்களை நோக்கி ஏறும் பயணம். அக்கூடைக்கு அங்கு 'ஒற்றால்' என்று பெயர். ஊத்தப் பிடிப்புக்குத் தடை என்ற அறிவிப்பைக் கூடைக்கான தடை என்று எல்லை கடந்து வருவோர் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

பொது நீர்நிலைகளில் வலை பயன்படுத்த மீன்வளத் துறையின் உரிமம் தேவை. தமிழகப் பக்கம் ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி அணைகளில் மீன்பிடி, தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அமராவதியில் முதலைகள் இயற்கையாகவே இனப்பெருக்கம் செய்வதால் கரையோரம் நீரில் இறங்கி வீச்சு வலை வீசுவது ஆபத்தானது. ஆனையிறங்கல் போன்ற இடங்களில் பனிமூட்ட விடியலில் யானைகள் நீர்க்கரைக்கு வருகின்றன. பத்தடி தொலைவு தெரியாத மூட்டத்தில் கரையோரம் நடப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மழைக்குப் பிந்தைய வாரங்களில் தேங்கிய நீரில் நெடுநேரம் நிற்போருக்கு எலிக்காய்ச்சல் பரவும் வாய்ப்பு அதிகம். காலில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பது நல்லது. தொழில்முறையாக நீரில் நிற்பவர்கள் தடுப்பு மாத்திரை குறித்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை பெறலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் தோன்றினால், தான் நீரில் இறங்கி வேலை செய்ததை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.