சங்கிலியை அறுத்த நிக்கல்

ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரிப் பக்கம் செல்வோர், உதிரிபாகப் பெட்டிகளை அடுக்கி, கண்ணாடி போன்ற உறையால் இறுகச் சுற்றி லாரியில் ஏற்றுவதைக் கண்டிருக்கலாம். இழுத்தால் நீண்டு, கிழியாமல் பற்றிக்கொள்ளும் அவ்வுறை பெரும்பாலும் ஒருவகைப் பாலிஎத்திலீன். எத்திலீன் சங்கிலியின் இடையிடையே பியூட்டீன், ஹெக்சீன், ஆக்டீன் ஆகியவற்றுள் ஒன்றைக் கோத்துத்தான் அந்த நெகிழ்வைப் பெறுகிறார்கள். இவையும் எத்திலீனிலிருந்தே பிறப்பவைதாம். இரண்டு, மூன்று, நான்கு எத்திலீன்கள் கைகோத்த அளவில் நின்றுவிட்டவை. பல இணைந்தால் பலபடி என்கிறது பாடநூல். சில இணைந்தால் 'சிலபடி' எனலாமே! தமிழாசிரியனின் ஆசை; வேதியியல் நண்பர்கள் பொறுத்தருள்க.

இந்த 'நின்றுவிடுதல்' முதலில் ஒரு தோல்வியாகத்தான் வெளிப்பட்டது. ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்லரின் ஆய்வகத்தார், அலுமினியச் சேர்மத்தின் துணையால் எத்திலீனை நீண்ட சங்கிலிகளாக்க முயன்றுகொண்டிருந்தனர். 1953இல் ஆய்வு மாணவர் எர்ஹார்ட் ஹோல்ஸ்காம்ப் செய்த சோதனையிலோ சங்கிலி வளரவேயில்லை. கிடைத்தது பியூட்டீன். கலத்தைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். அவர்கள் காரணத்தைத் துருவினர். எஃகுக் கலத்தில் ஒட்டியிருந்த நிக்கலின் சுவடே சங்கிலியை அறுத்தது என்று தெரிந்தது. நிக்கல் அறுக்குமெனில் பிற உலோகங்கள் என்ன செய்யும்? வரிசையாகச் சோதித்தபோது சிர்கோனியமும் டைட்டானியமும் சங்கிலியை நெடிதாக வளர்த்தன. 1963இல் நோபல் பரிசு சீக்லருக்கும் இத்தாலியின் நாட்டாவுக்கும் கிடைத்தது. ஹோல்ஸ்காம்ப்பின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

நிக்கலைக் கைவிடாதவர்களும் இருந்தனர். மூல்ஹைமில் பயின்ற வில்ஹெல்ம் கைம், பின்னர் ஷெல் நிறுவனத்தில் சேர்ந்து, பாஸ்பரசாலும் ஆக்சிஜனாலும் நிக்கலை இருபுறம் பற்றும் ஈனியை 1960களின் இறுதியில் கண்டடைந்தார். உலோகத்துக்கு எலக்ட்ரான் இணையை ஈவதால் ஈனி, அழகிய சொல். அந்தப் பிடியில் நிக்கல், நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள நேர்சங்கிலிகளைத் தந்தது. வினையூக்கி பியூட்டேன்டையால் கரைப்பானில் தங்கிவிட, விளைபொருள் மோரில் வெண்ணெய்போல் பிரிந்து நின்றது. நிக்கலை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது. 1977இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கைஸ்மரில் ஆலை இயங்கத் தொடங்கியது.

1995இல் மாரிஸ் புரூக்கார்ட் குழுவினர் கதையைத் திருப்பிப்போட்டனர். இரு நைட்ரஜன்களால் பற்றும் ஈனியில் பருத்த தொகுதிகளைப் பொருத்தி, நிக்கலின் மேலும் கீழும் இடத்தை அடைத்தனர். அறுப்பதற்கு இடமின்றி, அதே நிக்கல் நெடுஞ்சங்கிலியை வளர்த்தது. தொகுதிகளைச் சிறிதாக்கியபோது பழைய குணம் திரும்பி, மறுபடியும் சிறு மூலக்கூறுகளே கிடைத்தன.