தோட்டத்துக் காய்ச்சலும் டாக்டர் வாட்சனும்

கெடாவின் பழைய தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் கங்காணியை மறப்பதில்லை. லயத்தையும் பால்மரத்தையும் மறப்பதில்லை. அம்மக்களை உருக்குலைத்த குளிர்காய்ச்சலைப் பற்றிய பேச்சுத்தான் குறைவு. 1909ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியினின்று நீங்கிப் பிரிட்டிஷாரின் பிடிக்குள் வந்தது. அதன்பின் கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர் பரவிற்று. பினாங்குத் துறையில் வந்திறங்கிய தமிழர் அக்காட்டு விளிம்புகளில் குடியமர்த்தப்பட்டனர். கூற்றுவன் கொசு வடிவில் அங்கே காத்திருந்தான்.

மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்னும் உண்மைக்கு வழி திறந்தவர் ரொனால்ட் ராஸ். 1897இல் செகந்திராபாத்தில் அவர் கண்டது ஆய்வறிவு. அதனைத் தோட்டத்து மண்ணில் செயலாக்கியவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1901இல் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றபோது, மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பியிருந்தது. அவர் மருந்துக் கலயத்தோடு நின்றுவிடவில்லை. சதுப்பை வடியச் செய்தார். புதரை வெட்டச் செய்தார். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலுமிருந்து மலேரியாவால் மருத்துவமனை சேர்ந்தோர் 1901இல் 610 பேர். அடுத்த ஆண்டில் 199. 1905இல் 23 பேரே.

ஆயினும் கடலோரத்தில் வென்ற முறை குன்றுகளில் தோற்றது. இதுவே கெடாவிற்கு மிகவும் உரிய செய்தி. தாழ்நிலச் சதுப்பில் நோய் பரப்பும் கொசு நிழலை நாடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழியும். மலைச்சாரலில் வாழும் அனாபிலஸ் மேகுலேட்டஸ் என்னும் இனமோ, வெயில் விழும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காடு அழிந்து ஓடைமேல் வெயில் பட்டதும் அது பெருகிற்று. நல்லெண்ணத்தோடு வெட்டிய திறந்த வாய்க்காலே அதற்குத் தொட்டிலாயிற்று! நோயின் கொசு எதுவெனக் கண்டறிந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை வாட்சன் வலியுறுத்தினார். குன்றுத் தோட்டங்களில் நிலத்தடிக் குழாய்களைப் பதித்தும், ஓடைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தும் கொசுப் புழுவை அழித்தனர். புழு கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே ஆகுமாதலின் அந்தக் கணக்கு.

1908இல் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார் வாட்சன். முதலாளிகளிடம் அவர் இரக்கத்தை மட்டும் கேட்கவில்லை, கணக்கையும் காட்டினார். நோயுற்ற தொழிலாளி பால் எடுக்க மாட்டான். இறந்தவனுக்கு ஈடாக இன்னொருவனைக் கடல் கடத்திக் கொணர்வதற்கும் செலவுண்டு. வடிகாலின் விலை அதனினும் குறைவு. மனித உயிர் செலவுப் புத்தகத்தில் ஏறிய பிறகே கம்பெனிகளின் பணப்பை திறந்தது என்பது கசப்பான உண்மை. எனினும் அந்தக் கணக்கைச் சொல்லத் துணிந்த மருத்துவரைக் குறை கூறல் தகாது. அதனால் பிழைத்தவர் பலர்.

பின்னர் வாட்சன் இலண்டனில் 1926இல் திறக்கப்பட்ட ராஸ் நிலையத்திற்குச் சென்று, மலேரியாப் பிரிவின் தலைவராகவும், பின் நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார். மருத்துவரும் ஆய்வாளரும் தோட்ட நிறுவனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்த இடம் அது. அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. குழாய் பதிக்க மண் வெட்டியவரும், முதுகில் எண்ணெய்த் தகரம் சுமந்து ஓடையோரம் நடந்தவருமான தமிழர் பெயர்களை அந்நூல்கள் தாங்கவில்லை.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அந்த வடிகால்கள் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்ட இளைஞர் கொண்டு செல்லப்பட்டனர். அங்கும் மலேரியா பலரை மாய்த்தது.

ஜெராய் மலையடிவாரத்தில், பீடோங்கை அடுத்த செமலிங்கில் இன்று ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. 2001இல் தோன்றிய அதில் தோட்டத் தொழிலாளர் வழிவந்தோரும் மருத்துவம் பயில்கின்றனர். எண்ணெய்த் தகரம் சுமந்தோரின் கொள்ளுப் பேரர்களும் அவர்களுள் இருத்தல் கூடும்.