பறை காய்ச்சும் நேரம்

எங்க பெரியப்பா பறையைப் பரணில் தூக்கிப் போட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஊருக்குள் ஒரு சாவு. கூப்பிட வந்த ஆளிடம் ‘இனிமே வரமாட்டோம், கூலி ஏத்திக் குடுத்தாலும் வரமாட்டோம்’ என்று சேரி மொத்தமும் சொல்லிவிட்டது. இருபது சொச்சம் வருஷம் கழித்து, அதே பறையைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்கிறேன் என்று கைபேசியோடு போய் நின்றேன். அவர் கேட்டார்: ‘நாங்க உட்டு ஒழிச்சத நீ எதுக்குடா எம்.ஏ. படிச்சிட்டுத் திரும்ப எடுத்துக்கினு வர்ற?’

அவர் கேட்டதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் தலித் இயக்கங்களுக்குள் பறை பற்றி இரண்டு நிலைப்பாடுகள் இருந்தன. சாவுக்கு அடிப்பது இழிதொழில், அந்தப் பறையை உடை, கொளுத்து என்றது ஒன்று. அது எங்கள் இசை, ஊர்த்தெருவில் அடித்ததை இனி மேடையில் எங்களுக்காக அடிப்போம் என்றது மற்றது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் கலை விழாக்களும், இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை ஊர் ஊராகப் பாடிய கே.ஏ. குணசேகரனின் குரலும் இரண்டாவது நிலைப்பாட்டை வளர்த்தன. மேடை ஏறிய பறையை மட்டும் கொண்டாடி, தூக்கி எறிந்தவர்களை மறந்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான் இருந்தேன். வீம்புக்குப் பறையை விட்டவர் இல்லை எங்க பெரியப்பா. அதை விட்ட வருஷம் அறுப்புக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

படம் எடுக்கும் எண்ணம் 2024 ஜூனில் வந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம சனங்கள். ஒரு வாரம் தெருவெல்லாம் காமிராவாக இருந்தது. ராத்திரி தொலைக்காட்சியில் ஒரு செய்தித் தொகுப்பைப் பார்த்தேன். ஒரு தாய் ஒப்பாரி வைக்கிறாள். அவள் வாய் அசைகிறது, குரல் இல்லை. குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சினிமா வயலினை வைத்திருந்தார்கள். அவள் யாரைத் திட்டி அழுதாள், யார் பெயரைச் சொல்லி அழுதாள் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. படம் பிடிப்பவனை விட வெட்டி ஒட்டுகிறவன் கையில் அதிகாரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பறைக்குழு பயிற்சியையும், கிழவிகள் சிலரின் ஒப்பாரியையுமாக மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். கல்யாண வீடியோ வெட்டுகிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ‘இந்தச் சத்தத்த யாரு சார் கேப்பாங்க? மேல ஒரு பாட்டு போட்டுரலாம்’ என்றார் அவர். காசையும் முன்கூட்டிக் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

பழைய மடிக்கணினி ஒன்று, கேடென்லைவ் என்ற இலவச மென்பொருள், ராத்திரிகள். கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆனது. யாப்பிலக்கணம் படித்தவனுக்கு வெட்டும் இடம் தெரியாதா என்று ஒரு திமிர் இருந்தது. முதல் வாரமே அது போய்விட்டது. பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். ‘குச்சி வுழறதுக்கு முன்னாடியே சத்தம் வருதே, எப்டி?’ என்றார். எனக்கு அதுவரை தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது: கைபேசி, வெளிச்சத்துக்கு ஏற்ப வினாடிக்கு இத்தனை சட்டகம் என்ற கணக்கை மாற்றிக்கொண்டே போகும். தனியாகப் பதிந்த ஒலி அப்படி மாறாது. நிமிடங்கள் ஓட ஓட இரண்டும் விலகும். வினாடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் 40 மில்லி வினாடி. மூன்று சட்டகம் விலகினால் பேச்சில் பலருக்குத் தெரியாது, பறையில் மறைக்க முடியாது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு மாற்றிவிட்டு முதலிலிருந்து வெட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். அது மனிதப் பேச்சைக் காப்பாற்றுவதற்கென்று செய்யப்பட்டது, பறையை இரைச்சல் என்று அமுக்கிவிட்டது. சாதி தெரியாத கருவிதான், ஆனாலும் சிரிப்பு வந்தது.

சோவியத் நாட்டில் புரட்சிக்குப் பிந்திய பிலிம் பஞ்சத்தில் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் பழைய படங்களை வெட்டி ஒட்டியே தொகுப்பைப் படித்தார்கள். நம்மிடமும் அப்படி முன்னோடிகள் உண்டு. 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்ததை ஆர்.ஆர். சீனிவாசன் ‘ஒரு நதியின் மரணம்’ என்று படமாக்கினார். அது இல்லையென்றால் காவல்துறை சொன்ன கதையே மிஞ்சியிருக்கும்.

இசையைப் பொறுத்தவரை எனக்குப் பாடமாக இருந்தது ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’. 1997 ஜூலை 11இல் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்ட சனத்தின் மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். அது தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். அவருடைய பாட்டை 1985இல் வந்த தன் பழைய படத்திலேயே பட்வர்தன் பதிந்து வைத்திருந்தார். அங்கிருந்து தொடங்கி 14 வருஷம் எடுத்த படம் அது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பாட்டைப் பின்னணியாக வைக்காமல், பாடுகிறவர் முடிக்கும்வரை காமிரா காத்திருக்கிறது. என் 11 நிமிடப் படத்துக்கு அதில் பொருந்துகிற பாடம் அந்தக் காத்திருத்தல்தான்.

முதல் வடிவத்தில் நான் காத்திருக்கவில்லை. கல்வராயன் மலையை மேகத்தோடு காட்டித் தொடங்கினேன், சுற்றுலாப் படம் மாதிரி. வெள்ளிமலைப் பக்கம் அதைப் பார்த்த ஒரு பாட்டி, ‘மலைய அழகா எடுத்திருக்க. நாங்க ஜாகீர்தாருக்குக் கூலியில்லாம மாரடிச்சது எங்க?’ என்றார். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த மலை அது. 1976இல்தான் அரசு கையில் வந்தது. மேலே பழங்குடிகளிடம் வாங்கிய வெட்டி வேலையும் கீழே எங்களிடம் வாங்கிய சாவு மேளமும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். மேகத்தை வெட்டினேன். அந்தப் பாட்டி சாமைக் காட்டில் குனிந்து களை எடுத்தபடி பேசினது, முகம் தெரியாமல் குரல் மட்டும் முதலில் வருகிறது, அப்புறம்தான் காடு. சேரியில் பறையும் அப்படித்தான், முதலில் காதுக்கு வரும், ஆட்டம் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பெரியப்பா இரண்டாவது முறை பார்த்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்: ‘காய்ச்சறத எங்க?’ அடி வேகமாகத் தொடங்கட்டும் என்று வைக்கோல் தீயில் பறையைக் காட்டுகிற பகுதியை நான் வெட்டியிருந்தேன். ‘தோலு இறுகலன்னா ஏதுடா சத்தம்? எங்கப்பன் காய்ச்சற நேரத்துலதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லுவான். அடிக்கும்போது எவன் பேசுவான்?’

ஏணி போட்டு அவரே பரணில் ஏறினார். தோல் ஒரு ஓரம் கிழிந்திருந்தது, வேப்பங்கட்டை அப்படியே இருந்தது. வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, கிழியாத பக்கத்தை வாட்டிக்கொண்டே, விட்ட வருஷத்துக் கதையை நாலு நிமிடம் சொன்னார். யார் கூப்பிட வந்தது, யார் முதலில் மாட்டேன் என்றது, அறுப்புக்குக் கூப்பிடாமல் விட்டது, அந்த மழைக்காலத்தில் என்ன தின்றோம் என்பது வரைக்கும். ஒரு வெட்டு இல்லாமல் அப்படியே வைத்திருக்கிறேன். கடைசியில் சிண்டுக்குச்சியால் ஒரே ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ‘ஆயிடுச்சி’ என்று சொல்லிப் பறையைக் கீழே வைத்துவிட்டார். அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. படம் அங்கே நிற்கிறது.